என் பெட்டியை நானே ஏலம் எடுத்தேன்

விசுவாசக் குடும்பத்தார் எல்லாருக்கும் என் அன்பின் வாழ்த்துகள். ஆண்டவர் எனக்குச் செய்ததை நம் சபை இதழுக்கு எழுதித் தரும்படி போதகர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். வியாதி நீங்கின சாட்சி என்றால் தைரியமாக எழுதலாம். என்னுடையது பொறாமை நீங்கின சாட்சி. முழுவதும் நீங்கியதா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லுவேன்.

யார்மேல் பொறாமைப்பட்டேனோ அந்தச் சகோதரியிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "எழுதுங்கக்கா, என் கேக்கைப் பத்தியும் ரெண்டு வரி நல்லதா எழுதிருங்க" என்று சிரித்தாள். எழுதுகிறேன், கடைசியில்.

என் பெயர் பெனிட்டா. வயது இருபத்தேழு. அப்பா ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் மேலாளர். எங்கள் வீடும் அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால்தான். நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். போன வருஷம் ஜனவரியில் அதை விட்டேன். முந்திரிக்கொத்து செய்து விற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

அம்மா அழுதார். அப்பா அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுவதைவிட மோசம்.

"கிறிஸ்மஸ் வர பாப்போம் மக்களே. அதுக்குள்ள கால் ஊணி நிக்கலேன்னா பழைய வேலைக்கே போயிரணும். கேட்டியா?" என்றார்.

"சரிப்பா" என்றேன். பதினோரு மாதம் அப்போது எனக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது.

முந்திரிக்கொத்து தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக அரிசி மாவில் முக்கிப் பொரிப்பது. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுப் பலகாரம். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அழகு கிடையாது. தட்டில் வைத்தால் சிரிக்காது, மினுங்காது. கழக்கூட்டத்துக் கம்பெனிப் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்னது, உள்ளித்தீயல் குழம்புல போடுற வடையா?" என்று கேட்டார்கள்.

தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கென்று ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். எண்ணம் நேராக இருந்தால் எல்லாம் நேராகும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். 'நான் வெற்றி பெறுகிறேன்' என்று இருபத்தொரு தடவை எழுத வேண்டும். கனவுகளைப் படமாக வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்ட வேண்டும். எல்லாம் செய்தேன். ஃபிரிட்ஜ் கதவில்கூட 'என்னால் முடியும்' என்று ஒட்டி வைத்தேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அப்பா அதைப் படித்துவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு போவார்.

ஆனால் வகுப்பில் சொல்லித் தராத ஒரு பழக்கமும் எனக்கு இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்ததும், ஜெபத்துக்கு முன்னால், நோட்டை எடுப்பதற்கும் முன்னால், போனைத் திறந்து ஷெரின் என்ன ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பேன்.

ஷெரின் நம் சபைப் பெண். என்னைவிட ஒரு வயது இளையவள். என்னை அக்கா என்பாள். பாடகர் குழுவில் முன்வரிசை. கழக்கூட்டத்தில் வாடகை வீட்டில் கேக் செய்து விற்கிறாள். நான் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்புதான் அவளும் தொடங்கினாள். அவள் ஐந்து மணிக்கு எழுகிறவள் இல்லை. சுவரில் எந்தப் படமும் மாட்டவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. ஆனால் அவள் கேக் பறந்தது. கம்பெனியில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஷெரின் கேக். கேக்கை வெட்டுவார்கள், கை தட்டுவார்கள், படம் எடுப்பார்கள். முந்திரிக்கொத்தை யார் வெட்டிப் படம் எடுப்பார்கள்? பல்லுக்குத்தான் வேலை.

நான் அவள் கேக்கைச் சாப்பிட்டதே இல்லை. சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குக் கொண்டு வருவாள். எனக்கு மட்டும் அன்றைக்குத் தொண்டை வலிக்கும். இன்னொரு நாள் பல் கூசும். ஒரு தடவை முட்டை ஆகாது என்றேன். அடுத்த வாரம் அவள் எதிரிலேயே முட்டை ரோஸ்ட் சாப்பிட்டேன். அவள் கவனித்தாளா என்று தெரியாது. கவனித்திருந்தாலும் சொல்லுகிற ஆள் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுக்காக ஜெபிக்கவும் செய்தேன். "ஆண்டவரே, ஷெரினை ஆசீர்வதியும். ஆனால் முதலில் என்னை" என்று ஜெபித்தேன். பொறாமை எலும்பை உருக்கும் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்தவள்தான் நான். எனக்கு உருகியது என்னவோ தூக்கம்தான்.

நவம்பர் வந்தது. அறுப்பின் பண்டிகை வந்தது. நம் சபையில் உள்ளவர்களுக்கு அந்த நாள் எப்படி என்று சொல்ல வேண்டாம். தோட்டத்தில் காய்த்ததையும் கையால் செய்ததையும் ஆலயத்துக்குக் கொண்டு வந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளி முற்றத்தில் ஏலம். ஒரு பப்பாளிப் பழத்துக்கு இரண்டு மாமாக்கள் மல்லுக்கு நிற்பார்கள். பணம் ஆலயத்துக்குத்தான் போகிறது. ஆனால் யார் கொண்டு வந்த பொருள் என்ன விலைக்குப் போனது என்பதை எல்லாரும் அடுத்த வருஷம் வரை ஞாபகம் வைத்திருப்பார்கள். அதற்கு முந்தின வருஷம் அதிக விலைக்குப் போனது ஷெரினின் கேக். அந்த விலை என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

என் பெரியம்மா மகன் அஜின் அண்ணனை முந்தின நாளே பிடித்தேன். அண்ணன் கூரியர் அலுவலகத்தில் வேலை. வாய் திறக்க மாட்டார், நம்பலாம்.

"அண்ணே, என் பெட்டியை நீங்க கேளுங்க. போன வருஷம் அவ கேக்கு போன விலையைத் தாண்டுற வர விடாதீங்க. ரூவா நான் தாறேன்."

"உன் பெட்டியை நீயே வாங்கவா போற?" அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கு வீட்டுலயே வெச்சுத் தின்னுட்டுப் போலாமே பிள்ளே."

"அண்ணே, பிளீஸ்."

ஏலத்தில் என் பெட்டி முதலில் வந்தது. ஓலைப் பெட்டியில் நாற்பது முந்திரிக்கொத்து, மேலே ஒரு சிவப்பு ரிப்பன். அண்ணன் கேட்டார். யாரும் எதிரே கேட்க மாட்டார்கள், அண்ணனே மெதுவாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னால் தூண் பக்கத்தில் நின்ற, நீலச் சட்டை போட்ட ஒருவர் எதிர்த்துக் கேட்டார். நம் சபையில் ஒரு குடும்பத்தின் மருமகன், மலையாளி, பண்டிகைக்கு வந்திருந்தார். அண்ணன் ஏற்றினார். அவர் ஏற்றினார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார், போதுமா என்று. நான் தலையை ஆட்டினேன், விடாதீங்க என்று. என் முந்திரிக்கொத்துக்கு ஒரு மனுஷன் இத்தனை மல்லுக்கு நிற்கிறாரே என்று எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் யார், ஏன் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. என் கண் எல்லாம் ஷெரின் முகத்தில் இருந்தது.

கடைசியில் நீலச் சட்டைக்காரர் சிரித்துக் கையை விரித்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். போன வருஷத்து விலை தாண்டிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். ஷெரின்தான் பலமாகத் தட்டினாள்.

அடுத்து அவள் கேக் வந்தது. நீலச் சட்டைக்காரர் ஒரு விலை சொன்னார். எதிரே யாரும் கேட்கவில்லை. சுளுவாக எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அன்று மதியச் சோறு தேனாக இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த ஓலைப் பெட்டியைப் பார்த்தார்.

"இது நம்ம பெட்டில்லா?"

"அஜின் அண்ணன் ஏலத்துல எடுத்தாங்க. பிரியமா நமக்கே தந்துட்டாங்க."

அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். "நல்ல பிரியம்" என்றார்.

இரண்டு வாரம் கழிந்தது. டிசம்பர் முதல் ஞாயிறு. ஆராதனையில் சாட்சி வேளை. ஷெரின் எழுந்து நின்றாள். கழக்கூட்டத்தில் ஒரு பெரிய கம்பெனி கிறிஸ்மஸுக்குத் தன் ஊழியர் எல்லாருக்கும் பிளம் கேக் கொடுக்கிறதாம். இருநூறு கேக். ஆர்டர் அவளுக்கு. அந்தக் கம்பெனியில் கேன்டீனும் விழா ஏற்பாடும் பார்க்கிற சார், நம் அறுப்பின் பண்டிகைக்கு வந்திருந்தவராம்.

"அந்த சார் அன்னைக்கு வேற ஒரு சாமான் கேட்டாங்களாம். ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்துப் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்களாம். அது கிட்டாததுனால என் கேக்கை எடுத்துட்டுப் போனாங்களாம். ஆண்டவர் செய்யுறது எல்லாம் ஆச்சரியமானது!" என்று சொல்லி அழுதாள்.

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன். அஜின் அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

பிரியமானவர்களே, புரிகிறதா? பதினோரு மாதம் நான் கண்ணீரோடு கேட்டது ஒரே ஒரு ஆர்டர். ஒரு கம்பெனி, ஒரு வாசல். ஆண்டவர் அந்த மனுஷனை ஆலய முற்றத்துக்கே கொண்டு வந்து, என் பெட்டியைப் பார்த்துக் கை தூக்க வைத்தார். நான் ஆள் வைத்து, என் சொந்த ரூபாயைக் கொடுத்து, அவரை விரட்டினேன். விரட்டி ஷெரின் கேக்கிடம் அனுப்பினேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை ஊரில் வேறு யாராவது செய்திருப்பார்களா?

அன்று மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நியாயமாக நான் அழுதிருக்க வேண்டியது என் பாவத்துக்காக. ஆனால் எனக்கு வந்தது கோபம். உள்ளதைச் சொல்கிறேன், இப்படித்தான் ஜெபித்தேன்: "ஆண்டவரே, அவள் அடுப்பையும் ஒரு தடவை அணைத்துப் போடும். அப்போதாவது நான் படுகிற பாடு அவளுக்குத் தெரியட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குப் பழக்கப்படி போனைத் திறந்தேன். பெண்கள் ஐக்கிய வாட்ஸப் குழுவில் ஷெரின் எழுதியிருந்தாள். ஓவன் நின்றுவிட்டது. பழுது பார்க்கிற ஆள் அடுத்த வாரம்தான் வருவார். வெள்ளிக்கிழமை இருநூறு கேக் கொடுக்க வேண்டும். பாதிகூட முடியவில்லை. எல்லாரும் ஜெபியுங்கள்.

நான் கேட்டது அப்படியே நடந்திருந்தது. ஒரு வருஷமாக நல்லதைக் கேட்டு ஒன்றும் நடக்கவில்லை, கெட்டதை ஒரு தடவை கேட்டேன், இரண்டே நாளில் வந்துவிட்டது. பயந்துபோனேன். அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது. அதைக் கண்டுதான் அதிகமாகப் பயந்தேன். (பிறகு போதகரிடம் இதைக் கேட்டேன். "பழுதாகிறது ஓவனுக்குப் பழக்கம்தான். ஆண்டவருக்கு அப்படி மோசமான வேலையெல்லாம் கொடுக்காதே" என்றார்.)

குழுவில் எல்லாரும் கைகூப்புப் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

இப்போது நான் மறைத்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின் சந்தில் ஒரு பழைய பேக்கரி இருக்கிறது. விறகுப் போர்மா, அதாவது செங்கல் கட்டின பெரிய அடுப்பு. விடியற்காலையில் ரொட்டியும் ரஸ்க்கும் போடுவார்கள். பத்து மணிக்கு மேல் போர்மா சும்மா கிடக்கும், சூடு மட்டும் சாயங்காலம் வரை இறங்காது. முதலாளி அப்பாவின் சிநேகிதர். பிளம் கேக்குக்கு அந்த அடங்கின சூடு அம்சமாக இருக்கும். ஷெரினின் செய்தியைப் படித்த அந்த நிமிஷமே எனக்கு இது தெரியும். சபையில் வேறு யாருக்கும் தெரியாது. நான் வாய் திறக்கவில்லை.

செவ்வாய் முழுவதும் திறக்கவில்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எனக்கு வழி காட்டும், கிறிஸ்மஸ் வந்துவிட்டது" என்று ஜெபிப்பேன். ஜன்னல் வழியாக ரஸ்க் வாசனை வரும். ஜன்னலைச் சாத்துவேன். கதவிடுக்கு வழியாக வரும். புதன்கிழமை காலையும் அதே ஜெபம், அதே வாசனை. என் ஜெபத்துக்குப் பதில் இரண்டு நாளாக மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. நான்தான் வேறு பதில் வேண்டும் என்று அடம் பிடித்தேன்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த 'என்னால் முடியும்' கண்ணில் பட்டது. என்னால் முடியாதது ஒன்றுதான், அது ஷெரினிடம் போர்மாவைப் பற்றிச் சொல்வதுதான் என்று அப்போது தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, ஆர்டர் வேண்டாம். வேலைக்கே போகிறேன். இந்தக் குணத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துப் போடும். இதைச் சுமக்க என்னால் முடியவில்லை." ஒரு வருஷத்தில் நான் முழு மனதோடு செய்த முதல் ஜெபம் அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷெரினைக் கூப்பிட்டேன்.

"மாவும் டின்னும் எடுத்துட்டு இஞ்ச வா. போர்மா இருக்கு."

"அக்கா, நீங்களா கூப்பிடுறீங்க?" என்றாள். அந்த 'நீங்களா' என்ற ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. முட்டை ரோஸ்ட்டை அவள் கவனித்துத்தான் இருந்தாள்.

அப்பா பேக்கரி முதலாளியிடம் பேசினார். ஷெரின் இரண்டு ஆட்டோ நிறைய டின்களோடு வந்து இறங்கினாள். புதனும் வியாழனும் நானும் அவளும் போர்மா முன்னால் நின்றோம். நீளப் பலகையில் டின்களை உள்ளே தள்ளுவதும் இழுப்பதும் என் வேலை. இரண்டு பேருக்கும் முகம் கரி. அவள் பாடிக்கொண்டே வேலை செய்கிறவள் என்று அன்றுதான் தெரியும். எரிச்சலாக இல்லை. கொஞ்சம் இருந்தது.

வியாழன் மதியம், கேக் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அந்த நீலச் சட்டை சார் வந்தார். பெயர் அனில். அன்று வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நிங்கள்தானே அந்த முந்திரிக்கொத்து? அன்னு ஞான் எத்தனை தடவை கேட்டேன், தெரியுமா? ஒராள் விடவே இல்ல. அவர் யாரு? நிங்களுக்கு அறியுமா?"

நான் ஷெரினைப் பார்த்தேன். அவள் டின் துடைத்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பிவிட்டது. பின்னால் போர்மா அனல் முதுகைச் சுட்டது.

"எங்க அண்ணன் சார். நான்தான் கேக்கச் சொன்னேன். ஷெரின் கேக்கை விட என் பெட்டி கூட விலைக்குப் போகணும்னு."

அனில் சாருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும், "அய்யோ, சொந்தப் பெட்டியையா?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷெரின் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அன்னைக்கு நான் சபையில சொன்ன சாட்சி..."

"ஆமா பிள்ளே. மன்னிச்சிரு. ஞாயித்துக்கிழமை உன் அடுப்பு அணையணும்னுகூட ஜெபிச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "அடுப்பும் அணைஞ்சு, போர்மாவும் தந்துட்டீங்க. நான் எதுக்குன்னு சண்டை போட?" என்று சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். என் சட்டையெல்லாம் கரி.

அப்பா வீட்டிலிருந்து காப்பியும் ஒரு தட்டு முந்திரிக்கொத்தும் கொண்டு வந்தார். அனில் சார் நின்றபடியே நாலு சாப்பிட்டார். கிறிஸ்மஸுக்கு இனி நேரம் இல்லை என்றார். ஜனவரியிலிருந்து கேன்டீனில் சாயங்காலக் காப்பியோடு வைத்துப் பார்க்கலாம், ஒரு வாரம், பிடித்தால் தொடரலாம் என்றார். வெள்ளிக்கிழமை இருநூறு கேக்கும் போய்ச் சேர்ந்தன.

கிறிஸ்மஸ் அன்று அப்பா எதிரில் போய் நின்றேன். சொன்ன தவணை முடிந்தது, கையில் இருப்பது ஒரே ஒரு வார ஆர்டர் என்றேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். "ஈஸ்டர் வர பாப்போம் மக்களே" என்றார்.

அந்த ஒரு வாரம் தொடர்ந்தது. ஈஸ்டர் தாண்டியது. இப்போது இரண்டு கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன். அம்மாவும் நம் சபைச் சகோதரிகள் இரண்டு பேரும் கூட வேலை செய்கிறார்கள். அப்பா தவணை பேசுவதை நிறுத்திவிட்டார்.

இன்றும் ஐந்து மணிக்குத்தான் எழுகிறேன். நல்ல பழக்கத்தை ஏன் விட வேண்டும்? ஆனால் போனைத் தொடுவதற்கு முன் ஷெரின் பெயரைச் சொல்லி, அவளுடைய அன்றைய ஆர்டர்களுக்காக ஜெபிக்கிறேன். முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன். இப்போது பல் வலிக்கவில்லை. சில நாள் அந்தப் பழைய முள் குத்தும். அன்றைக்கு இரண்டு தடவை ஜெபிப்பேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒரு பெயர் இருக்கும். யார் ஸ்டேட்டஸை முதலில் பார்க்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை நாளைக் காலை ஆண்டவரிடம் கொண்டு போங்கள். கசக்கும், ஆனாலும் கொண்டு போங்கள். என் கையைப் பிடித்தவர் உங்கள் கையையும் விட மாட்டார்.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகை போன மாதம் நடந்தது. என் பெட்டி ஏலத்துக்கு வந்தபோது அஜின் அண்ணன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பெட்டி சாதாரண விலைக்குத்தான் போனது. அடுத்து ஷெரின் கேக் வந்தது. நானே கை தூக்கினேன். கடைசி வரை இறக்கவில்லை. கேக்கை வீட்டுக்குக் கொண்டு வந்து, வெட்டி, ஒரு துண்டு வாயில் போட்டேன்.

ஷெரின், நீ கேட்ட இரண்டு வரி இதுதான். உன் கேக் நன்றாக இருக்கிறது. இரண்டு வருஷமாகத் தொண்டை வலி என்று பொய் சொல்லி இதை இழந்தேன், ஆண்டவருக்கே மகிமை.